கேட்போர் மீதான தடை: விடுதலைக்குப் பின்னான தென்னாபிரிக்க எழுத்துக்கள் பற்றி ஒரு நோக்கு

சிறை இலக்கியம் என்னுந் தொடர் இன்று திறனாய்வுலகிற் பெருவழக்குப் பெற்றுவிட்டது. சிறைக்குட் புகுந்த நாள் முதலாக அதனின்றும் வெளியேறும் நாள்வரை ஒருவர் பெற்ற அனுபவங்களின் பதிவே அத்தொடராற் பெரும்பாலும் சுட்டப்படுகின்றது. சிறைக்கதவு திறக்கும் இடத்தில் நூல் முடிவடைகின்றது. வாசகனும் ஒருவகை நிம்மதியுடன் நூலை மூடிவைக்கின்றான். ஆயின், அரசியற் கைதிகள் பலரைப் பொறுத்தவரை, கதவு திறந்ததன் பின்னரே தண்டனையின் இரண்டாம் பாகம் தொடங்கிற்று. அப்பாகத்திற்கு நீதிமன்றத் தீர்ப்பு இல்லை; பல வேளைகளில் முடிவுத் திகதி கூட இல்லை. இனவொதுக்கல் ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவிலே இந்த இரண்டாம் தண்டனை சட்டத்தின் துணையோடு ஒரு முறைமையாகவே வளர்த்தெடுக்கப்பட்டது.

அம்முறைமை அந்நாட்டு எழுத்தை எவ்வாறு பாதித்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். டெனிஸ் புரூட்டஸின் 'மார்த்தாவுக்குக் கடிதங்கள்' (1968) என்ற கவிதைத் தொகுதியும், அதொல் பியூகாட்டின் 'கற்றாழை தரும் பாடம்' (1978) என்ற நாடகமும், விடுதலையானோர் சிலரின் தன்வரலாற்று நூல்களும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலில் அத்தடைகளின் இயல்பினை நோக்குதல் வேண்டும். 1950ஆம் ஆண்டின் கம்யூனிச அடக்குமுறைச் சட்டம் நீதியமைச்சருக்கு விரிவான அதிகாரங்களை வழங்கியது. அச்சட்டத்தின் பெயரில் கம்யூனிசம் இருந்ததேயன்றி, அதன் வலையில் அகப்பட்டோர் அனைவரும் கம்யூனிஸ்டுகள் அல்லர். அமைச்சர் கையொப்பமிட்ட தடையாணை ஒன்று போதும், விசாரணை வேண்டியதில்லை. ஆணைக்குட்பட்டவர் குறிப்பிட்ட ஒரு நீதவான் பிரிவை விட்டு நீங்கலாகாது. குறித்த நாட்களிற் பொலிஸ் நிலையத்தில் ஒப்பமிடல் வேண்டும். பாடசாலை, தொழிற்சாலை, அச்சகம் ஆகியவற்றினுட் பிரவேசிக்கலாகாது. தடைக்குள்ளான இன்னொருவருடன் தொடர்பு கொள்ளலாகாது. கணவனும் மனைவியும் தடைக்குள்ளாயிருப்பின் ஒருவரோடொருவர் பேசுவதற்கே விசேட அனுமதி பெறவேண்டியிருந்தது. எந்த ஒன்றுகூடலிலும் கலந்துகொள்ளலாகாது. ஒன்றுகூடல் என்பதற்கு ஆணை கொண்ட பொருள் மிகக் குறுகியது. தடைக்குள்ளானவரோடு ஒரே வேளையில் ஒருவர் மாத்திரமே அமர்ந்து உரையாடலாம். மூன்றாமவர் வந்து சேரின் அது சட்டமீறலாகிவிடும்.

1962இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் இவற்றோடு வீட்டுக்காவலையும் சேர்த்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஹெலன் ஜோசப் என்ற வெள்ளையினப் பெண்மணி முதன்முதலாக வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். இதே காலப்பகுதியில் நடைமுறைக்கு வந்த மற்றொரு விதி இலக்கிய மாணவரின் தனிக் கவனத்திற்குரியது. தடைக்குள்ளானவரின் கூற்றையோ எழுத்தையோ எவரும் மேற்கோள் காட்டுதல், அச்சிடுதல், பரப்புதல் குற்றமாயிற்று. 1966இல் நாட்டைவிட்டு வெளியேறி வாழ்ந்த எழுத்தாளர் பலரின் பெயர்களும் இப்பட்டியலில் இடம்பெற்றன. எசேக்கியல் முபலேலே, லூயிஸ் நிக்கோசி ஆகியோர் அவர்களுட் சிலராவர். ஒரு கவிதையைப் பாராட்டுவதற்கோ கண்டிப்பதற்கோ அதன் ஓர் அடியையேனும் எடுத்துக்காட்ட முடியாத நிலையிலே தென்னாபிரிக்கத் திறனாய்வாளன் விடப்பட்டான்.

இவ்விதிகளை ஒருங்குவைத்து நோக்கும்போது அவற்றினூடே செல்லும் ஓர் இழை புலனாகின்றது. பேசுவோனின் நாவை இவை நேரடியாகக் கட்டவில்லை. தன் வீட்டுக்குள் அவன் எதையும் எண்ணலாம், முணுமுணுக்கலாம். பறிக்கப்பட்டது கேட்போர் கூட்டமே. றொபேட் சொபுக்வேயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். விற்றுவாட்டஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆபிரிக்க மொழிகளைக் கற்பித்த அவர், 1960இல் அனுமதிச்சீட்டுச் சட்டங்களுக்கெதிரான போராட்டத்தை முன்னின்று நடத்தியமைக்காக மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனைக்காலம் முடிவுற்றபோது, ஆண்டுக்கு ஆண்டு காவலை நீடிக்க வழிசெய்யும் வாசகமொன்று 1963ஆம் ஆண்டுச் சட்டத்திற் சேர்க்கப்பட்டு, மேலும் ஆறாண்டுகள் அவர் றொபன் தீவிலே தனித்து வைக்கப்பட்டார். 1969இல் விடுதலை வந்தது. ஆனால் அது கிம்பர்லி நகருக்கான விடுதலை. அந்நகரின் எல்லையைத் தாண்டாமலும், இரவு வேளைகளில் வீட்டைவிட்டு வெளியேறாமலும் வாழ்ந்து, 1978 பெப்ரவரியிலே தடையாணைக்குட்பட்டவராகவே அவர் மறைந்தார். மொழியைக் கற்பித்த ஒருவருக்கு மாணவர் இல்லாத ஊரொன்று அளிக்கப்பட்டது. அவரது மௌனம் அவரது தெரிவன்று என்பது மனங்கொளத்தக்கது.

இவ்வாறான சூழலில் இலக்கியம் என்னவாகும்? உருவமா உள்ளடக்கமா என்ற நீண்டகால விவாதத்தில் ஊறியவர்கள் நாம். சமுதாய நிலைமைகள் உள்ளடக்கத்தை நிர்ணயிக்கின்றன என்பதை நம்முட் பெரும்பாலார் ஏற்றுக்கொள்வர். உருவமோ எழுத்தாளனின் தனித்திறனுக்குரியது என விட்டுவிடுவர். தடையாணையின்கீழ்ப் பிறந்த எழுத்துக்கள் இக்கருத்தை மீள்பரிசீலனை செய்யத் தூண்டுகின்றன. அவற்றில் உருவத்தையே சட்டம் நெருக்கி வளைத்துள்ளது. எழுத்தாளன் அந்த வளைவினுள்ளே தனக்கு வேண்டிய வழியைக் கண்டுள்ளான்.

டெனிஸ் புரூட்டஸ் 1924இற் பிறந்தவர்; போட் எலிசபெத் நகரில் வளர்ந்து ஆசிரியராகப் பணியாற்றியவர். நிறவேற்றுமை பாராட்டும் தென்னாபிரிக்க விளையாட்டுக் குழுக்களைச் சர்வதேச அரங்கிலிருந்து விலக்கும் இயக்கத்தின் முன்னோடி. 1961இல் தடைக்குள்ளாகி ஆசிரியத் தொழிலை இழந்தார். 1963இற் கைதாகி, தப்பியோட முயன்றவேளை ஜொகானஸ்பேர்க் வீதியிலே முதுகிற் சுடப்பட்டார். பதினெட்டு மாதக் கடூழியத் தண்டனை பெற்று றொபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். அவரது முதற் கவிதைத் தொகுதி நைஜீரியாவின் இபடான் நகரிலே வெளிவந்தபோது அவர் காவலில் இருந்தார். 1965இல் விடுதலையானதும் வீட்டுக்காவல் விதிக்கப்பட்டது. வெளியிடத்தக்க எதனையும் எழுதலாகாது என்ற தடையும் உடனிருந்தது.

வெளியிடத்தக்கது எது? கவிதை வெளியிடத்தக்கது, கடிதம் அவ்வாறன்று. இச்சிறிய இடைவெளியினூடாகவே 'மார்த்தாவுக்குக் கடிதங்கள்' பிறந்தது. மார்த்தா அவரது சகோதரரின் மனைவி. கணவர் றொபன் தீவுக்கு அனுப்பப்பட்ட நிலையில், அங்கு அவருக்கு நேரக்கூடியவை யாவை என்று அறியத் துடிக்கும் ஒரு பெண்ணுக்கு, அங்கிருந்து மீண்ட ஒருவர் எழுதும் கடிதங்களாகவே இக்கவிதைகள் அமைகின்றன. ஆகவே கடித உருவம் பொலிஸாரின் கண்ணை மறைக்கும் போர்வை மாத்திரமன்று. உண்மையான ஒரு கேட்போனை, கேட்கவேண்டிய தேவையுள்ள ஒருவரை, அது கவிஞருக்கு அளித்துள்ளது.

அந்த ஒருவரின் இருப்பு கவிதையின் மொழியையே மாற்றிவிட்டது. புரூட்டஸின் தொடக்ககாலக் கவிதைகள் செறிவும் அணிநயமும் மிக்கவை. நாட்டைக் காதலியாக உருவகித்து, ஆங்கிலப் புலமை மரபின் சிக்கலான சொல்லாட்சிகளைக் கையாண்டவை. மார்த்தாவுக்கு எழுதும்போது அவ்வணிகள் உதிர்கின்றன. ஆணியொன்றைத் தீட்டி ஆயுதமாக்கி மறைத்துவைத்திருக்கும் கைதி, பசியையும் அச்சத்தையும் பயன்படுத்திச் சக கைதியைப் பாலியல் அடிமையாக்கும் கொடுமை, மனம் பேதலித்தோரின் நடத்தை ஆகியன குரலுயர்த்தாது கூறப்படுகின்றன. ஓரிடத்தில், இரவு வானின் விண்மீன்களைக் காணவேண்டி நடைவழி விளக்கை அணைத்துவிடும் கைதி, காவலாளியின் அதட்டலையும் துப்பாக்கியையும் எதிர்கொள்கின்றான். விண்மீனைப் பார்த்தல் கவிஞர்களின் பழங்காலச் செயல். இங்கு அது பாதுகாப்பு விதியை மீறும் செயலாகின்றது. கவிஞர் இதற்கு மேல் விளக்கவுரை எதுவும் தரவில்லை; தரவேண்டிய அவசியமும் இல்லை.

இவ்வெளிமையைச் சிலர் கவித்துவ வறுமை என்பர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். தொகுதியின் சில பகுதிகள் குறிப்பேட்டின் நிலையைத் தாண்டவில்லை. அனுபவம் பொதுக்கருத்தாகத் தொகுத்துரைக்கப்படும் இடங்களிற் கவிதை தளர்ந்துவிடுகின்றது. ஆயின் எளிமை முழுவதையும் இயலாமை எனக் கொள்வது பொருந்தாது. சிறையிலே தம் கவிதைக் கொள்கையை மறுபரிசீலனை செய்து, சாதாரண மக்களுக்கு எட்டத்தக்க நேரிய மொழியைத் தாம் தேர்ந்ததாகப் புரூட்டஸ் பின்னர் கூறியுள்ளார். அத்தேர்வும் கடிதம் என்ற நிர்ப்பந்தமும் ஒரே திசையிற் செயற்பட்டன. துயருற்றிருக்கும் உறவினளுக்கு அணிநயத்தோடு கடிதம் எழுதுவோர் இலர். அவளைக் கலங்கச்செய்யாமலும் அதேவேளை பொய் சொல்லாமலும் எழுதவேண்டிய கட்டாயம் கவிஞரின் தொனியைக் கட்டுப்படுத்துகின்றது. தணிந்த அத்தொனியே இத்தொகுதியின் சிறப்பு.

1966இல், திரும்பிவரும் உரிமையற்ற வெளியேற்ற அனுமதிப்பத்திரத்தில் புரூட்டஸ் நாட்டைவிட்டு நீங்கினார். ஈராண்டுகளின் பின் நூல் இலண்டனில் வெளிவந்தது. எனினும் தாய்நாட்டு வாசகனை அவர் கைவிடவில்லை. 1970இல் ஜோன் புரூயின் என்ற புனைபெயரில் வெளியிட்ட தொகுதியொன்று, ஆசிரியர் யாரென அறியப்படும்வரை தென்னாபிரிக்காவிற் சிறிதுகாலம் விற்பனையாயிற்று. மார்த்தாவிடம் ஒரு கேட்போனைக் கண்டவர், அதனைப் பெறவேண்டித் தம் பெயரையே இழக்கவும் ஆயத்தமாயிருந்தார்.

புரூட்டஸ் கைதான அதே 1963ஆம் ஆண்டை, அவர் வளர்ந்த அதே போட் எலிசபெத் நகரைக் களமாகக் கொண்டது பியூகாட்டின் 'கற்றாழை தரும் பாடம்'. பாத்திரங்கள் மூவரே. பீற் ஆபிரிக்கானர் இனத்தவன். வறட்சியிற் பண்ணையை இழந்து பஸ் சாரதியானவன். பஸ் பகிஷ்கரிப்பின்போது ஸ்டீவ் என்ற கலப்பினத் தலைவனின் உரை கேட்டு இயக்கத்தில் இணைந்தவன். கிளாடிஸ் அவனது மனைவி. பொலிஸ் சோதனையிலே தன் அந்தரங்க நாட்குறிப்புக்கள் எடுத்துச்செல்லப்பட்ட அதிர்ச்சியால் மனநோய்க்குள்ளாகி மருத்துவமனை சென்று மீண்டவள். ஸ்டீவ், தடையாணையை மீறி விருந்தொன்றுக்குச் சென்றமைக்காக ஆறுமாதம் சிறையிருந்து விடுதலையாகி, குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு நிரந்தரமாகப் புறப்படவிருப்பவன்.

ஸ்டீவ் விருந்துக்குச் சென்றதைப் பொலிஸாருக்கு அறிவித்தது யார் என்ற வினாவே நாடகத்தின் மையம். தோழர்கள் பீற்றைச் சந்தேகிக்கின்றனர். அவன் வீட்டுக்கு எவரும் வருவதில்லை. ஸ்டீவின் குடும்பத்தினரை எதிர்பார்த்து மேசை பரப்பிக் காத்திருக்கின்றான். ஸ்டீவ் மட்டும் தனியே வருகின்றான். வெறுமையாகிவிட்ட அந்த இருக்கைகள் எந்த வசனத்தையும்விட வலிமையோடு தடையாணையின் பொருளை உணர்த்துகின்றன. தடையாணை ஒருவனைத் தனிமைப்படுத்துவது பொலிஸ் காவலால் மாத்திரமன்று. அவனைக் காண வருவோர் ஒவ்வொருவரையும் உளவாளியோ என ஐயுறவைப்பதாலுமாகும். ஆணை ஸ்டீவின் மீது விதிக்கப்பட்டது. அதன் தண்டனையைப் பீற்றும் அனுபவிக்கின்றான். பழியை அவன் மறுப்பதில்லை. நண்பன் ஐயுற்றுவிட்ட பின் மறுப்புக்குப் பயன் யாது என்பதே அவனது நிலைப்பாடு. ஒரு காலத்தில் ஸ்டீவின் பேச்சைக் கேட்டு வாழ்வையே மாற்றிக்கொண்டவன் அவன். அந்தக் கேட்போனுக்கும் பேசுவோனுக்கும் இடையிலிருந்த நம்பிக்கையை அரசு முறித்துவிட்டது.

நீரற்ற நிலத்தில் முட்களோடும் கசப்போடும் நிலைத்திருக்கும் கற்றாழை நாடகத்தின் பிரதான குறியீடு. பீற் அதனைப் போற்றுகின்றான். கிளாடிஸோ அத்தகைய வாழ்வை வெறுக்கின்றாள். வாழ்ந்து தப்புதலே பெருமையா என்ற அவளது எதிர்ப்பு, குறியீட்டின் எளிமையான வீரத்தைக் கேள்விக்குள்ளாக்குகின்றது. இஃது ஆசிரியரின் நேர்மைக்குச் சான்று. இருப்பினும் ஒரு குறைபாட்டினைச் சுட்டாதுவிடல் முறையன்று. தடையாணையின் நேரடிச் சுமையைத் தாங்கியவன் ஸ்டீவ். அவனோடு தாங்கியவர் அவன் மனைவியும் பிள்ளைகளும். அக்குடும்பத்தினர் மேடைக்கே வருவதில்லை. ஸ்டீவும் நாடகத்தின் பிற்பகுதியிலேயே வருகின்றான். வெள்ளையினத் தம்பதியரின் மனவேதனையே கூடிய இடத்தைப் பெறுகின்றது. எழுதியவர் நின்ற இடத்திலிருந்து அவ்வளவே தெரிந்தது போலும்.

அந்தக் குறையை நிரப்புவன தன்வரலாற்று நூல்கள். தமிழ் வாசகர் இவ்விடத்தில் இந்திரஸ் நாயுடுவின் பெயரை அறிந்திருத்தல் தகும். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் ஜொகானஸ்பேர்க் தமிழரைத் திரட்டி முன்னின்ற தம்பி நாயுடுவின் பேரன் அவர். 1963இல் நாசவேலை தொடர்பாகக் கைதாகி, பத்தாண்டுகள் றொபன் தீவிற் கழித்து, 1973இல் வெளிவந்தவர். விடுதலையின் பின் தடையாணைக்குள்ளாகி, 1977இல் நாட்டைவிட்டு நீங்கினார். அவரது 'விலங்கிடப்பட்ட தீவு' 1982இல் வெளிவந்தது. அந்நூல் அவர் சொல்ல, அல்பி சாக்ஸ் கேட்டு எழுத்துருக்கொடுத்தது. சாக்ஸும் முன்னர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்ட ஒரு சட்டத்தரணியே. நூலின் மொழியிற் பேச்சின் ஓசை தங்கியிருப்பதற்கு இதுவே காரணம். தாய்நாட்டிற் சொல்ல இயலாதவற்றை அந்நிய மண்ணில், புரிந்துகொள்ளவல்ல ஒருவர்முன் அமர்ந்து சொல்லவேண்டியிருந்தது.

வின்னி மண்டேலாவின் நூலும் இத்தகையதே. 1977இல் அவர் சொவெற்றோவிலிருந்து அகற்றப்பட்டு, தமக்கு அறிமுகமற்ற பிராண்ட்போட் என்ற சிற்றூரிற் குடியமர்த்தப்பட்டார். அங்கு பெரிதும் வழங்கிய மொழிகள் அவர் தாய்மொழி அல்ல. 1985இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது வரலாறு, ஆன் பெஞ்சமின் என்பவர் உரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்து ஆக்கியது. இத்தகைய நூல்களில் தொகுப்பாசிரியரின் கை எங்கு முடிகின்றது, கூறுபவரின் குரல் எங்குத் தொடங்குகின்றது எனப் பிரித்தறிதல் எளிதன்று. பிற்கால அரசியலில் வின்னி மண்டேலா ஆழ்ந்த சர்ச்சைக்குரியவராக மாறியதையும் இன்றைய வாசகன் மறந்துவிட முடியாது. ஆயினும் பிராண்ட்போட் பற்றிய சாட்சியத்தின் பெறுமதி அதனாற் குன்றுவதில்லை.

கேட்போர் எவ்வளவு தூரம் தண்டிக்கப்பட்டனர் என்பதற்குப் பிராண்ட்போட்டே சான்று. அங்கு வின்னியைக் காணச்சென்ற ஹெலன் ஜோசப், அச்சந்திப்புப் பற்றி அவருக்கெதிராகச் சாட்சியமளிக்க மறுத்தார். அதற்காக 1978இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், இரு வாரங்கள் சிறையிலிருந்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் நாட்டின் முதலாவது வீட்டுக்காவற் கைதியாக இருந்தவர் அவர். தம்மைக் காண வந்தோர் கதவருகிலே நின்று திரும்பிய நாட்களை அறிந்த ஒருவர், இன்னொருவரின் கதவைத் தட்டியமைக்காகச் சிறை சென்றார்.

இவ்வெழுத்துக்களை ஆவணங்களாகவே கொள்ளல் வேண்டும், கலையாகக் கொள்ளலாகாது என வாதிடுவோர் உளர். அரசியற் கொடுமை நீங்கியதும் இவற்றின் தேவையும் நீங்கிவிடும் என்பது அவர்தம் கருத்து. தென்னாபிரிக்காவிற் கொடுமை எளிதில் நீங்கவில்லை. 1989இன் தொடக்கத்திற் கூட, உண்ணாவிரதப் போராட்டத்தின் விளைவாக விடுவிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான தடுப்புக் கைதிகளிற் பெரும்பாலோர்க்குக் கட்டுப்பாட்டு ஆணைகள் கையளிக்கப்பட்டன. 1990இலேயே நிலைமை மாறத் தொடங்கியது. ஆனால் வாதத்தின் பிழை வேறிடத்தில் உள்ளது. ஒரு கேட்போனை முன்னிறுத்திப் பேசுதல் எல்லா இலக்கியத்திற்கும் பொதுவான அடிப்படை. வாய்ப்பான காலங்களில் நாம் அதனைக் கவனிப்பதில்லை. வாசகன் எங்கோ இருக்கின்றான் என்ற துணிவில் எழுதுகின்றோம். அவன் பறிக்கப்பட்ட நிலையில் எழுதியோரின் ஆக்கங்களே அவ்வடிப்படையை வெளிப்படையாக்குகின்றன. இக்காரணம்பற்றியே அவை ஆவண மதிப்புக்கு அப்பாலும் நிலைக்கின்றன.

நம் இலக்கிய வரலாற்றிலும் இந்நோக்கில் ஆராயத்தக்க பகுதிகள் உள. 1918 நவம்பரிற் புதுச்சேரியிலிருந்து பிரித்தானிய இந்திய எல்லைக்குட் புகுந்ததும் கைதுசெய்யப்பட்ட பாரதியார், அடுத்த மாதம் நிபந்தனைகளின்பேரிலேயே விடுவிக்கப்பட்டார். தம் எழுத்துக்களை வெளியிடுமுன் பொலிஸாரின் பார்வைக்குச் சமர்ப்பித்தல் அவற்றுள் ஒன்று. அதன்பின் கடையத்தில் அவர் எழுதியவற்றையும், எழுதாதுவிட்டவற்றையும் வறுமை, மனச்சோர்வு என்ற காரணங்களோடு மாத்திரம் நிறுத்திவிடாது, யாரை முதல் வாசகனாகக் கொண்டு எழுத நேர்ந்தது என்ற வினாவோடும் அணுகுதல் பயன்தரும்.

இலங்கை வாசகருக்கு இவ்வினா வரலாற்று நூல்களோடு முடிவதன்று. 1979இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒருவரின் வதிவிடம், நடமாட்டம், அமைப்புக்களுடனான தொடர்பு, பொதுக்கூட்டங்களில் உரையாற்றல் ஆகியவற்றை ஆணைமூலம் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது. அச்சட்டத்தின்கீழ்ச் சிறையிருந்து மீண்டோர் எழுதியவை நம்மிடையே உள. எழுதப்படாதவை அவற்றினும் அதிகம். அவற்றை மதிப்பிடவரும் திறனாய்வாளன், மொழி வறண்டுள்ளது, உருவம் சிதைந்துள்ளது எனத் தீர்ப்பளிக்குமுன், எழுதியவருக்கு எத்தனை கேட்போர் அனுமதிக்கப்பட்டிருந்தனர் என்பதை விசாரித்தறிதல் வேண்டும். மார்த்தா ஒருத்தி இருந்தமையால் ஒரு நூல் கிடைத்தது. அவ்வாறு ஒருவரும் வாய்க்காதோர் நம் கிராமங்களிலும் நகரங்களிலும் இருக்கக்கூடும். அவர்களை நாடிச்சென்று கேட்பது திறனாய்வுக்குப் புறம்பான பணியன்று.